டி டிரைவில் இருந்த நாட்கள்

வெள்ளிக்கிழமை காலை ஒன்பதரை மணிக்கு என் அம்மாவின் இரண்டு வருடங்கள் காணாமல் போயின.

அவள் அந்த நேரம் குவாரிப் பள்ளத்தில் கல் தூக்கிக்கொண்டிருந்தாள். நான் அதே குவாரியின் ஆபீஸில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்தேன். மின்சாரம் போய், வந்து, மங்கி, திடீரென்று குழல்விளக்கு கண்ணைக் குத்துகிற அளவுக்கு எரிந்து, அப்புறம் அடங்கியிருந்தது. மெஷினை மறுபடி எழுப்பினேன். சி டிரைவ் வந்தது. டி என்று தட்டினேன். அப்படி ஒரு டிரைவ் இல்லை என்று பச்சை எழுத்தில் பதில் வந்தது. பெரிய எழுத்தில் தட்டினேன். சின்ன எழுத்தில் தட்டினேன். கெஞ்சுகிற மாதிரி மெதுவாகத் தட்டினேன். இல்லை, இல்லை, இல்லை.

எண்பதுகளின் கடைசி அது. அரியலூரில் கம்ப்யூட்டர் என்றால் பார்க்க ஆள் வரும். சிமெண்டு ஆலைகளுக்குச் சுண்ணாம்புக் கல் வெட்டி அனுப்புகிற ஒரு காண்ட்ராக்ட் கம்பெனியில் எனக்கு வேலை. வயது இருபத்திரண்டு. டைப்ரைட்டிங் ஹயர் முடித்து, திருச்சிக்குப் போய் ஆறு மாதம் கம்ப்யூட்டர் படித்து வந்திருந்தேன். எங்கள் தெருவில் சொந்தமாக நிலம் வைத்திருந்தவர் யாரும் கிடையாது. அடுத்தவர் வயலில் நாற்று நட்டவர்கள், அந்த வயல் விலைக்குப் போய்ப் பள்ளமானபோது பள்ளத்தில் இறங்கிக் கல் தூக்கினார்கள். நான் வேலைக்குச் சேர்ந்த வாரம் அம்மா ஜன்னல் வரைக்கும் வந்து எட்டிப் பார்த்தாள். "ஃபேனு வேற சுத்துதாடி ஒனக்கு?" என்றாள். ஃபேன் எனக்கில்லை, மெஷினுக்கு என்று நான் சொல்லவில்லை.

அந்த மெஷினுக்குள் இருந்த ஹார்ட் டிஸ்க்கை, ஒரே வீட்டின் நடுவில் சுவர் வைத்து இரண்டு குடித்தனம் ஆக்குவதைப் போல, விற்றவர்களே இரண்டாகப் பிரித்துக் கொடுத்திருந்தார்கள். முன்கட்டு சி, அதில் நிரல்கள். பின்கட்டு டி, அதில் வருகைப் பதிவு. பள்ளத்தில் இறங்கிய முந்நூறு பேர். பதினைந்து நாளுக்கு ஆளுக்கு ஒரு வரி. ஒரு நாளுக்கு ஓர் எழுத்து. வந்தால் P. வராவிட்டால் A. காகித மஸ்டரை, அதாவது கையால் எழுதிய வருகை ஏட்டைப் பார்த்து அத்தனையையும் தட்டியவள் நான். தட்டி முடித்த மஸ்டர்களைக் கம்பெனி வைத்துக்கொள்ளவில்லை. கரையான் பிடிக்கிறது என்று கட்டுக் கட்டாகச் சுண்ணாம்புச் சூளையில் நெருப்பு மூட்டக் கொண்டுபோனார்கள். நானே இரண்டு கட்டைத் தூக்கிக் கொடுத்தேன். தூசி போனதென்று கையைக்கூடத் தட்டிக்கொண்டேன்.

இரண்டு வருடத்துக்குள் நானூற்று எண்பது நாள் வேலை செய்தவர்களை நிரந்தரம் ஆக்க வேண்டும் என்பது சட்டம். பள்ளத்துக்காரர்கள் மனுக் கொடுத்து, திருச்சிக்கு நடையாக நடந்து, மறுபடி மனுக் கொடுத்து, கடைசியில் அங்கிருந்த தொழிலாளர் துறை அதிகாரி பட்டியல் கேட்டிருந்தார். யாருக்கு எத்தனை நாள் என்பது திங்கட்கிழமை பத்து மணிக்கு அவர் மேசையில் இருக்க வேண்டும். இல்லையென்றால் மனு தள்ளுபடி.

அம்மாவுக்கு வலது தோள் இறங்கிப்போயிருந்தது. ஜாக்கெட்டின் ஒரு பக்கம் எப்போதும் சரிந்தே இருக்கும். நிரந்தரம் ஆனால் மேலே வரலாம். மேலே என்றால் உட்கார்ந்து கல் தரம் பிரிக்கிற கொட்டகை. நிழல். காய்ச்சல் வந்தால் லீவு. கீழேயே இருந்தால் இன்னும் ஒரு வருடம் தாங்குவாளா என்பது எனக்குத் தெரியவில்லை. அவளுக்குத் தெரிந்திருந்தது, சொல்லவில்லை. அவளுடைய நாட்கள் நானூற்று எண்பதைத் தொடும் என்று நம்பிக்கொண்டிருந்தேன். கூட்டிப் பார்த்ததில்லை. கூட்டிப் பார்க்கப் பயம். வெள்ளிக்கிழமை எல்லோருக்கும் சேர்த்து மெஷினே கூட்டிவிடும், அப்போது பார்க்கலாம் என்று இருந்தேன்.

மேனேஜரிடம் போய்ச் சொன்னேன். எதிர்பார்த்த கோபம் அவர் முகத்தில் வரவில்லை. கண்ணாடியைக் கழற்றி நிதானமாகத் துடைத்தார்.

"கம்ப்யூட்டர் கெட்டுப்போச்சுன்னு ஒரு லெட்டர் அடிச்சிரும்மா. திங்கக்கெழமை அதக் குடுத்துருவோம்."

"பேக்கப் இருக்கு சார்."

"இருந்தா போடு. இல்லாட்டி லெட்டர அடி."

கண்ணாடியை மாட்டிக்கொண்டார். அவருக்கு எது வசதி என்று அந்த ஒரு நொடியில் எனக்குப் புரிந்துவிட்டது. முந்நூறு பேரின் நாட்கள் தொலைந்ததில் இந்தக் கட்டடத்தில் பதறியது நான் மட்டும்தான்.

பேக்கப் இருந்தது. ஏழு பிளாப்பிகள். அவை எப்படி இருந்தன என்று சொல்ல எங்கள் டைம் கீப்பரைச் சொல்ல வேண்டும். அறுபதை நெருங்கிய மனிதர். பள்ளத்து வருகையை எழுத வருவதற்கு முன் உடையார்பாளையத்தில் ஒரு முந்திரி மண்டியில் படி அளந்தவர். சனிக்கிழமை மத்தியானம் நான் பிளாப்பிகளை ஒவ்வொன்றாக மெஷினுக்குள் சொருகுவேன்; அவர் பக்கத்தில் நின்று எண்ணிச் சொல்லி, மேலே ஒட்டும் சீட்டில் எழுதுவார். அளக்கிறவர்கள் முதல் படியை ஒன்று என்று சொல்லமாட்டார்கள். லாபம் என்பார்கள். அப்புறம்தான் ரெண்டு, மூணு. அவரும் அப்படியே சொன்னார், அப்படியே எழுதினார். லாபம், 2, 3, 4, 5, 6, 7.

லாபத்தை மற்றவற்றோடு டப்பாவில் போட அவருக்கு மனம் வரவில்லை.

"லாபத்தப் போயி டப்பாக்குள்ள அடைப்பாங்களா பாப்பா? அது பாட்டுக்கு சாமிகிட்ட இருக்கட்டும்."

ஆபீஸ் சுவரில் பிள்ளையார் படத்துக்குக் கீழே ஒரு சின்னப் பலகை. அங்கே வைத்தார். வெள்ளிக்கிழமைதோறும் படத்துக்குச் சந்தனம், குங்குமம். பிளாப்பிக்கும் ஒரு பொட்டு. எதிரே கற்பூரம். சனிக்கிழமை எடுத்து வேட்டி நுனியால் துடைத்து என் கையில் கொடுப்பார். மெஷின் அதில் எழுதும். எழுதி முடித்தேன் என்று சொல்லும். நான் நம்புவேன். எழுதியதைத் திரும்பப் படிக்க முடிகிறதா என்று ஒருநாளாவது பார்த்திருக்க வேண்டும். பார்க்கவில்லை. இரண்டு வருடமாக நானும் ஒரு சாமி கும்பிட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறேன்.

மெஷின் முதல் பிளாப்பியைக் கேட்டது. கொடுத்தேன். கர் என்றது. நின்றது. மறுபடி கர். படிக்க முடியவில்லை என்றது.

வெளியே எடுத்து வெளிச்சத்தில் பிடித்தேன். உறையின் நடுவே, உள்ளேயிருக்கும் பழுப்புத் தகடு தெரிவதற்காக நீளவாக்கில் ஓர் ஓட்டை இருக்கும். பொட்டு சரியாக அந்த ஓட்டையில் விழுந்திருந்தது. காய்ந்த சந்தனம் தகட்டோடு சுற்றிச் சுற்றி, வட்டம் வட்டமாகக் கீறியிருந்தது. 

டைம் கீப்பர் என் தோளுக்குப் பின்னால் நின்றார்.

"ஒண்ணாம் நம்பரு போனா போவட்டும். ரெண்டுலேர்ந்து ஆரம்பிக்கச் சொல்லேன் பாப்பா."

"கேக்க மாட்டேங்குது சார். எல்லா வருகையும் ஒரே ஃபைலு. அதோட தல இதுல இருக்கு. தல இல்லாம ஒடம்ப எடுத்துக்காது."

அவர் பலகைப் பக்கம் போனார். பலகையிலிருந்த குங்குமச் சிமிழை மூடினார். திறந்தார். மூடினார்.

திருச்சிக்கு டிரங்க் கால் போட்டேன். எனக்குப் பாடம் எடுத்தவர் கிடைக்க மத்தியானம் ஆனது. லைனில் அவர் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருகிற மாதிரி இருந்தது.

"ஹார்ட் டிஸ்க்ல புதுசா ஒண்ணும் எழுதிடாதீங்க. ஒரு எழுத்துகூட. கேக்குதா? பெரம்பலூர்ல ஒருத்தர் இன்ஸ்டிடியூட் வச்சிருக்காரு. அவர்ட்ட ரெஸ்க்யூ பிளாப்பி இருக்கு. மொதல்ல முழு டிஸ்க்கையும் அவரோட டிஸ்க்குக்கு நகல் எடுக்கணும். நகல்லதான் வேல பாக்கணும். அசல்ல கை வச்சீங்க, அவ்ளோதான்."

"சார், அம்மாவோட..." என்று ஆரம்பித்தேன். மூன்று நிமிடம் முடிந்து லைன் போய்விட்டது.

பெரம்பலூர் இன்ஸ்டிடியூட்டுக்குப் போன் போட்டேன்; ஞாயிற்றுக்கிழமைதான் மெஷின் காலியாக இருக்கும் என்றார்கள். சனிக்கிழமை முழுதும் நான் என்ன செய்தேன் என்று எனக்கு நினைவில்லை. சும்மா இருந்த மெஷினுக்கு எதிரே சும்மா இருந்தேன். ஜன்னலுக்கு வெளியே லாரிகள் போயின. வெள்ளைத் தூசி எழுந்தது, இறங்கியது, எழுந்தது. கீபோர்டில் கைபடக்கூடாது என்று இரண்டு கையையும் தொடைக்கடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

ரிப்பேருக்குப் போகிறது என்று டைம் கீப்பர் கேட் பாஸ் எழுதினார். அணைப்பதற்கு முன் டிஸ்க்கின் ஊசியை ஓரமாக ஒதுக்கி நிறுத்துகிற கட்டளையைக் கொடுத்தேன். அது இல்லாமல் தூக்கினால் ஒரு குலுக்கலில் ஊசி தகட்டைக் கிழித்துவிடும். பெட்டியை அம்மாவின் பழைய நூல் புடவையில் சுற்றி, கீழே தலையணை வைத்து, பஸ்ஸில் மடியில் ஏந்திக்கொண்டேன். டைம் கீப்பர் பக்கத்தில் நின்றபடி வந்தார். உட்காரச் சொன்னால் கேட்கவில்லை.

கண்டக்டர் புடவையைத் தூக்கிப் பார்த்தார்.

"என்ன பெரியவரே, டி.வி.யா? ஞாயித்துக்கெழம படம் பாக்க ஊரு ஊராத் தூக்கிட்டுப் போறீங்களா?"

"டி.வி. இல்ல தம்பி. கம்ப்யூட்டரு."

"அப்ப ரெண்டு லக்கேஜ் டிக்கெட்டு."

"அது ஏன் ரெண்டு?"

"டி.வி.யவிட அதுக்கு அறிவு சாஸ்தியாமுல்ல."

பஸ் சிரித்தது. டைம் கீப்பர் இரண்டு டிக்கெட் வாங்கினார். பக்கத்து சீட்டில் இருந்த அம்மாள் மட்டும் சிரிக்காமல், "நான் பச்சப் புள்ளயோன்னு பாத்தேன் தாயி, அப்புடிப் புடிச்சிருக்க" என்றாள்.

அரியலூரிலிருந்து பெரம்பலூருக்கு அப்போது ரோடு என்று ஒன்று இருந்ததே தவிர அதில் ரோடு இல்லை. ஒவ்வொரு பள்ளத்துக்கும் இடுப்பைத் தூக்கி, பெட்டியைக் காற்றில் பிடித்தேன். அந்தப் பெட்டிக்குள் அம்மா தலையில் துணியைச் சுற்றிக்கொண்டு வரிவரியாக நிற்பது போலவும், பஸ் குலுங்கும்போதெல்லாம் ஓர் எழுத்து கொட்டிப்போவது போலவும் இருந்தது. P. P. P. கொட்டாதே. கொட்டாதே. 

இன்ஸ்டிடியூட் ஒரு மாடியறை. அதை நடத்தியவர் பாடாலூர்க்காரர்; மெட்ராஸில் வேலை பார்த்துவிட்டுத் திரும்பியவர், முப்பது முப்பத்தைந்து இருக்கும். மாணவர்களின் பயிற்சிகளையெல்லாம் அழித்துத் தன் டிஸ்க்கில் எங்களுக்கு இடம் செய்து வைத்திருந்தார். அதை அவர் பெரிதாகச் சொல்லவில்லை. பெட்டியைத் திறந்து எங்கள் டிஸ்க்கைக் கழற்றி, பட்டையான ஒரு கேபிளால் அவருடைய மெஷினில் இரண்டாவதாக இணைத்தார். ரெஸ்க்யூ பிளாப்பியைப் போட்டு அதிலிருந்தே மெஷினைக் கிளப்பினார்.

"பயப்படாதீங்க. வூடு அங்கயேதான் இருக்கு. எங்க சுவரு, எங்க வாசல்னு எழுதி வச்சிருந்த சீட்டுதான் அழிஞ்சிருக்கு. மெஷினு சீட்டப் பாத்துட்டு வூடே இல்லங்குது."

"அப்ப சீட்ட எழுதிட்டா வந்துருமா?"

"எழுதலாம். மொதல்ல நகல். அசல்ல தப்பா ஒரு சீட்டு எழுதிட்டா அப்புறம் நீங்களும் நானும் மட்டும்தான் இருப்போம்."

திரையில் எண்கள் ஏறின. டிஸ்க்கை ஒன்றுக்குள் ஒன்றாகச் சுற்றிய வட்டங்களாகப் பிரித்து, அந்த நிரல் ஒவ்வொரு வட்டமாகப் படித்து, ஒவ்வொரு வட்டமாக நகலில் எழுதியது. என்ன எழுதியிருக்கிறது என்று அது கேட்கவில்லை. வெறுமையாக இருந்த இடத்தையும் அதே கவனத்தோடு எடுத்துக்கொண்டது. நூறு. இருநூறு. டைம் கீப்பர் கண்ணை மூடிக்கொண்டு சுவரோரம் நின்றார். உதடு அசைந்தது, எண்ணினாரா, வேண்டினாரா தெரியாது.

நானூற்றுச் சொச்சத்தில் நின்றது. உள்ளே ஏதோ தட்டுகிற சத்தம். மறுபடி படிக்கவா, விட்டுவிட்டுப் போகவா, நிறுத்தவா என்று திரை கேட்டது.

அவர் மறுபடி படிக்கச் சொன்னார். தட்டியது. மறுபடி. தட்டியது.

"இன்னும் ஒரு தடவ சார்."

"இருபது தடவ ஆச்சும்மா."

"இன்னும் ஒரே ஒரு தடவ. கையெடுத்துக் கும்பிடுறேன் சார்."

அவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு இன்னும் ஐந்து தடவை கொடுத்தார். அப்புறம் கையை எடுத்துவிட்டார். "இதுக்கு மேல அடிச்சா மிச்சமும் போயிடும்" என்றார். விட்டுவிட்டுப் போ என்று அழுத்தினார். எண்கள் மறுபடி ஏறத் தொடங்கின. அந்த ஒரு வட்டத்தைப் பின்னால் விட்டுவிட்டு, ஒன்றுமே நடக்காததுபோல.

மத்தியானம் மூன்று மணிக்கு நகலில் சீட்டை எழுதினார். டி என்று தட்டச் சொன்னார். என்னால் முடியவில்லை. அவரே தட்டினார். வந்தது.

ஃபைலைத் திறந்தேன். பெயர்கள் வந்தன. மளமளவென்று, பள்ளத்திலிருந்து சாயங்காலம் மேலேறி வருகிற மாதிரி வந்தார்கள். சிரித்தேனா அழுதேனா? டைம் கீப்பர்தான் முதலில் அழுதார். பெயர்களை ஓட்டிக்கொண்டே போனேன். முந்தைய வருடத்து ஐப்பசி, இரண்டாவது பதினைந்து நாள். அங்கே வரிகள் அறுந்தன. எழுத்துகள் இருந்த இடத்தில் கட்டங்கள், கோடுகள், அந்தக் கால மெஷின்கள் குப்பையைக் காட்டும்போது காட்டுகிற சின்னச் சின்னச் சிரித்த முகங்கள். M என்ற எழுத்தில் தொடங்கும் பெயர்களிலிருந்து S வரை. நாற்பத்தொரு பேர். அம்மா அதில் இருந்தாள். அவள் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு முகம் என்னைப் பார்த்துச் சிரித்தது.

மற்ற நாட்களைக் கூட்டினேன். நானூற்று எழுபத்துமூன்று.

ஏழு நாள் வேண்டும். பதினைந்தில் ஏழு. அந்த ஐப்பசியில் நல்ல மழை. யார் எந்த நாள் வந்தார்கள் என்று டைம் கீப்பருக்கும் நினைவில்லை. பேப்பர் எரிந்துவிட்டது. அசலும் போய், பிளாப்பியும் போய், நகலில் ஓட்டை.

"இந்தப் பத்தி எதுக்கு?" என்று பாடாலூர்க்காரர் திரையைத் தொட்டார். "ஜோடி நம்பர்னு இருக்கே."

சொன்னேன். எங்கள் பள்ளத்தில் பெண்கள் தனியாகக் கல் தூக்குவதில்லை. இரண்டு கழிகளில் அறைந்த ஒரு பலகை. முன்னால் ஒருத்தி, பின்னால் ஒருத்தி. யாருக்கு யார் ஜோடி என்பது நிலையானது, ஒவ்வொரு ஜோடிக்கும் ஓர் எண். அம்மாவுக்குப் பதினேழு.

"அப்ப இவங்க வந்தா அவங்களும் வந்திருக்கணும்?"

"ஆமா."

"ஜோடி பேரு எந்த எழுத்து?"

நான் நாற்காலியிலிருந்து எழுந்தே விட்டேன். அம்மாவின் ஜோடி, நான் அத்தை என்று கூப்பிடுகிறவள், அவள் பெயர் K. ஓட்டைக்கு வெளியே, முழுசாக, ஈரம்கூடக் காயாத மாதிரி இருந்தாள். அந்தப் பதினைந்து நாளில் ஒன்பது P.

"ஒங்க குவாரியிலயே பேக்கப் இருந்திருக்குங்க," என்று சிரித்தார் அவர். "ஒரு ஆளுக்கு ஒரு ஆளு."

நாற்பத்தொரு பேரையும் ஜோடி எண்ணை வைத்து நிரப்பத் தொடங்கினேன். ஜோடியும் சேர்ந்து தொலைந்தவர்கள் கொஞ்சம் பேர் இருந்தார்கள்; அவர்கள் நல்லவேளையாக அந்தப் பதினைந்து நாள் இல்லாமலே நானூற்று எண்பதைத் தாண்டியிருந்தார்கள். ஜோடி எண்ணே இல்லாதவர்கள் மூன்று பேர். மாத்து ஆட்கள். எந்த ஜோடியில் ஒருத்தி வரவில்லையோ அந்தப் பலகையைப் பிடிப்பவர்கள். அவர்களுக்கு ஆதாரம் இல்லை. வெற்றிடமாக விட்டால் அந்த நிரல் பட்டியலை அச்சடிக்க மறுத்தது. A தட்டினேன். ஆளுக்குப் பதினைந்து A. வேகமாகத் தட்டினேன், பிரிண்டர் காத்திருந்தது.

அம்மாவுக்கு ஒன்பது P. நானூற்று எண்பத்திரண்டு. பிரிண்டர் கீச்சுக் கீச்சென்று அந்த எண்ணை அடித்தபோது அதைவிட இனிய சத்தம் உலகத்தில் இல்லை என்று இருந்தது.

நிரப்பிய ஃபைலைப் புதுப் பிளாப்பிகளில் எடுத்துக்கொண்டு, மெஷினை ஆபீஸில் இறக்கிவிட்டு, விளக்கு வைக்கிற நேரத்துக்கு வீட்டுக்கு வந்தேன். அம்மா தோளுக்குத் தவிட்டு ஒத்தடம் கொடுத்துக்கொண்டிருந்தாள். பையைக்கூட இறக்காமல் சொன்னேன்.

"நானூத்தி எம்பத்தி ரெண்டும்மா. தாண்டிட்ட."

"மெய்யாவா?" துணி முடிச்சு கையிலேயே நின்றது. "எப்புடிடி? கெட்டுப்போச்சுன்ன?"

"மழக்காலத்துல பதினஞ்சு நாளு அழிஞ்சுபோச்சு. அத்த வந்த ஒம்போது நாளையும் ஒனக்கும் போட்டுட்டேன். ஜோடிதான ரெண்டு பேரும்."

அம்மா தவிட்டு முடிச்சை மடியில் இறக்கினாள்.

"ஒம்போதா? நான் நாலு நாளு வூட்ல கெடந்தேனேடி. காய்ச்சல்ல. நீதான கஞ்சி வச்சுக் குடுத்த."

கஞ்சி வைத்தேன். ஞாபகம் வந்தது. கூரை ஒழுகிய இடத்தில் அண்டா வைத்தது ஞாபகம் வந்தது. அவள் நெற்றி என் புறங்கையில் சுட்டது ஞாபகம் வந்தது. காலையிலிருந்து எல்லாவற்றையும் மீட்டுக்கொண்டிருந்த நான் இதை மட்டும் எங்கே வைத்திருந்தேன்?

"அப்ப அந்த நாலு நாளு அத்தகூட யாரு தூக்குனா?"

"மீன்சுருட்டிக்காரிதான். அந்த மாத்து ஆளு. பாவம், மழயில நனஞ்சுகிட்டே வந்தா."

பட்டியலை எடுத்தேன். கடைசித் தாள்களில் ஒன்றில் இருந்தாள். மீன்சுருட்டியிலிருந்து வந்து இங்கே வாழ்க்கைப்பட்டவள், சத்தமாகச் சிரிப்பவள். நானூற்று எழுபத்தேழு. அந்த நான்கு நாள் அவளுக்குப் போனால் நானூற்று எண்பத்தொன்று. அம்மாவுக்கு நானூற்று எழுபத்தெட்டு.

அம்மாவுக்குப் படிக்கத் தெரியாது. என் முகத்தைப் படித்தாள்.

"மாத்த முடியுமா அத?"

"பேனாவால மாத்தி நான் கையெழுத்துப் போட்டா போதும்." பட்டியலின் ஓரத்தை மடித்தேன். "மாத்துனா ஒனக்கு ரெண்டு நாளு கொறையும்மா."

தவிட்டு முடிச்சு ஆறிப்போயிருந்தது. அவள் அதை மறுபடி சட்டியில் வைத்தாள். அடுப்பைத் தூண்டினாள். என் பக்கம் திரும்பவில்லை. சரிந்த தோள் புகைக்கு நடுவே தெரிந்தது. மாத்து என்று சொல்வாள் என்று காத்திருந்தேன். மாத்தாதே என்று சொல்வாள் என்றும் காத்திருந்தேன். எதைச் சொன்னாலும் அது அவளுடையதாகியிருக்கும், நான் அதன் பின்னால் ஒளிந்துகொண்டிருப்பேன்.

"காலையிலேர்ந்து ஒண்ணும் தின்னுருக்க மாட்ட," என்றாள். "ஒக்காரு. சோறு போடுறேன்."

உட்கார்ந்தேன். சாப்பிட்டேன். பட்டியலை மடித்துப் பைக்குள் வைத்தேன். நாங்கள் அதைப் பற்றிப் பிறகு பேசவே இல்லை, அவள் போய்ச் சேர்கிறவரை.

திங்கட்கிழமை காலை ரயிலுக்கு டைம் கீப்பர் புறப்பட்டபோது, "எல்லாம் சரி பாத்துட்டியா பாப்பா?" என்றார். "பாத்துட்டேன் சார்" என்றேன். அவர் அந்தக் கவரை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார்.

அதற்குப் பிறகு நான் பிளாப்பிகளை ஒழுங்காகப் பேணினேன். ஒவ்வொரு சனிக்கிழமையும் இரண்டு செட். எழுதியதைப் படித்துப் பார்ப்பேன். ஒன்று ஆபீஸில், ஒன்று என் வீட்டுப் பெட்டியில். ஒவ்வொரு முறையும் அந்த நான்கு நாளும் பிசகாமல் நகலாகின, அம்மாவின் வரியில் P ஆக, இன்னொருத்தியின் வரியில் A ஆக. மெஷினுக்கு எல்லா எழுத்தும் ஒன்றுதான்.

தை மாதம் அறிவிப்புப் பலகையில் பெயர்கள் ஒட்டினார்கள். அம்மா மேலே போனாள். இரண்டு மூன்று நாள் கழித்துச் சாப்பாட்டு மணிக்கு மீன்சுருட்டிக்காரி என் ஜன்னலுக்கு வந்தாள். தலைத்துணியை அவிழ்த்து முகத்தைத் துடைத்துக்கொண்டாள். துடைத்த இடத்தில் மட்டும் முகம் கறுப்பாகத் தெரிந்தது.

"பாப்பா, எனக்கு மூணு நாளு கொறையுதாமுல்ல? டைம் கீப்பரு சொல்றாரு. போன வருசத்துக்கு முந்துன மழயில, ஒங்கம்மா காய்ச்சலா கெடந்தப்ப, நாலு நாளு நான்தான அந்தப் பலகையப் புடிச்சேன்? அதுக்குள்ள அது இருக்கான்னு பாரேன்."

ஃபைலைத் திறந்தேன். அவள் வரியைக் கொண்டுவந்து, திரையை அவள் பக்கம் திருப்பினேன். ஏன் திருப்பினேன் என்று இன்றுவரை யோசிக்கிறேன். அவள் கம்பிகளுக்கிடையே முகத்தை வைத்துப் பார்த்தாள்.

"இதா நானு?"

"ஆமா."

"வந்தேன்னு இருக்கா, வரலன்னு இருக்கா?"

ஃபேன் சுற்றிக்கொண்டிருந்தது. "வரலன்னு இருக்கு" என்றேன்.

பதினைந்து பச்சை எழுத்துகளையும் அவள் விரலால் எண்ணுவதுபோல் கம்பியில் தட்டித் தட்டிப் பார்த்தாள். அவள் கோபப்படட்டும் என்று வேண்டிக்கொண்டேன். மண்ணை வாரித் தூற்றட்டும்.

"மிசினு சொன்னா சரியாத்தான் இருக்கும்," என்றாள். "எனக்குத்தான் வருசம் மாறிப்போச்சாட்டம் இருக்கு." துணியை மறுபடி தலையில் சுற்றினாள். ஓர் அடி போனவள் திரும்பினாள். "ஏம் பாப்பா, ஒங்கம்மா மேல போயிட்டாள்ல, அந்தப் பதினேழுக்கு ஒரு ஆளு வேணுமில்ல? டைம் கீப்பர்ட்ட எனக்காக ஒரு வார்த்த கேட்டுச் சொல்றியா?"

கேட்டுச் சொல்கிறேன் என்றேன்.